அடைப்பே இல்ல... அப்புறம் ஏன் இதயம் நின்னுச்சு?

"சுகர் இல்ல, பிரஷர் இல்ல, நல்லாத்தான் இருந்தான். தூக்கத்துலயே போயிட்டான்." இப்படி ஒரு செய்தியை நாம எல்லாருமே கேட்டிருப்போம். இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அதில் அதிகம் பேசப்படாத ஒன்று, கரோனரி ஸ்பாஸம். அதாவது, இதயத் தமனி திடீரென இறுகிப்போவது.

ராத்திரி தூக்கத்துல கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குமே, ஏறக்குறைய அந்த மாதிரிதான். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியின் சுவரிலும் தசை உண்டு. அது இறுகினால் குழாய் சுருங்கும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் படித்த பாய்ஸியூல் விதி ஞாபகம் இருக்கா? ஆரம் பாதியானால் ஓட்டம் 16-ல் ஒரு பங்காகிவிடும்! ரத்தக்குழாய்க்கு அந்தக் கணக்கு அச்சு அசலாகப் பொருந்தாது. ஆனாலும் கொஞ்சம் சுருங்கினாலே எவ்வளவு இழப்பு என்று புரியும்.

ரத்தம் கிடைக்காத இதயத்தில் மின் துடிப்பு தாறுமாறாகலாம். அப்போது இதயம் ரத்தத்தைத் தள்ளாமல் வெறுமனே நடுங்கும். சில நொடிகளில் ஆள் மயங்கிச் சரிவார். இதுதான் கார்டியாக் அரெஸ்ட்.

அமெரிக்க மருத்துவர் மைரன் பிரின்ஸ்மெட்டல் 1959-ல் இந்த வகை நெஞ்சுவலியை விவரித்தார். வழக்கமான இதய வலி மாடி ஏறும்போது வரும். இது சும்மா இருக்கும்போது, பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியற்காலைக்கும் நடுவில் வரும். சில நிமிடங்களில் தானாகவே விட்டுவிடும். காலையில் இசிஜி எடுத்தால் நார்மலாக இருக்கலாம். ஆஞ்சியோகிராமில்கூட பெரிய அடைப்பு தெரியாமல் போகலாம். "கேஸ் டிரபிளா இருக்கும்"னு சோடா குடிச்சிட்டுப் படுத்துடுவோம். ஆபத்தே அங்கதான்.

அதனால் டாக்டரிடம் வலி எங்கே என்பதோடு, எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் சொல்லுங்க. கண்டுபிடித்துவிட்டால், தமனியைத் தளர்த்தும் மாத்திரைகள் இருக்கின்றன. இதைத் தூண்டும் முக்கியக் காரணம் சிகரெட். டீக்கடையில "ஒண்ணே ஒண்ணு மச்சி"ன்னு நீட்டுறவனுக்கு இதைச் சொல்லுங்க.

பக்கத்தில் யாராவது சரிந்து, கூப்பிட்டும் அசையாமல், மூச்சும் சரியாக இல்லையென்றால் 108-க்கு ஒருவர் போன் போடட்டும். இன்னொருவர் நடுநெஞ்சில் இரண்டு கைகளையும் வைத்து, 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தட்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீங்க. அதுவரை அந்த இதயத்துக்குப் பம்ப் உங்க கைதான்.