பிரேக் பெடல் பஞ்சு மாதிரி இறங்குதா? ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ள காற்று ஒளிஞ்சிருக்கலாம்!

காருக்கு பிரேக் வேலை முடிச்சு எடுத்துட்டு வர்றீங்க. முதல் சிக்னல்லயே பெடல் பஞ்சு மாதிரி உள்ளே இறங்குது. ‘ஏர் எல்லாம் எடுத்தாச்சு தம்பி, ஓட்ட ஓட்ட சரியாகிடும்’னு மெக்கானிக் சொல்றார். டேஷ்போர்டுல ஏபிஎஸ் லைட்டும் எரியல. அப்போ எல்லாம் ஓகேதானே?

இல்லை மக்களே! பைப்புக்குள்ள காற்று இருக்குனு கண்டுபிடிச்சுச் சொல்றது அந்த லைட்டோட வேலை இல்லை. சென்சார், வால்வு, மோட்டார்ல கோளாறு வந்தாதான் அது எரியும்.

காற்று ஏன் வில்லன்?

நீங்க பெடலை மிதிக்கும் அழுத்தத்தை சக்கரம் வரை கொண்டுபோறது பிரேக் ஆயில். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். அதனால, உங்க மிதியில பாதி அந்தக் காற்றுக்குமிழியைச் சுருக்கவே போயிடும். சாதாரண வண்டியில ஒருத்தர் பெடலை மிதிக்க, இன்னொருத்தர் சக்கரத்துல இருக்கிற நிப்பிளைத் திறந்து மூட, காற்று வெளியே வந்துடும்.

ஏபிஎஸ்ல என்ன சிக்கல்?

ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ள குட்டி குட்டி வால்வுகள், ஒரு பம்ப், அதை இயக்க ஒரு மோட்டார் இருக்கும். சடன் பிரேக்ல சக்கரம் லாக் ஆகப்போகும்போது மட்டும்தான், இவை ஒரு விநாடிக்குள்ள பலமுறை இயங்கி அழுத்தத்தைக் குறைச்சுக் கூட்டும். மத்த நேரத்துல சில வால்வுகள் மூடியே இருக்கும். அந்த மூடின கதவுக்குப் பின்னாடி காற்று மாட்டிக்கிட்டா, எத்தனை தடவை பெடலை மிதிச்சாலும் வெளியே வராது.

ஆபத்து எங்கேன்னா, மழையில ஒருநாள் சடன் பிரேக் போடுறீங்க, ஏபிஎஸ் இயங்குது, வால்வு திறக்குது. ஒளிஞ்சிருந்த காற்று பிரேக் லைனுக்குள்ள வந்துடும். பிரேக் ரொம்பத் தேவைப்படுற அந்த நேரத்துல பெடல் கீழே போகலாம்!

ஸ்கேனர் என்ன பண்ணும்?

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி போர்ட்ல ஸ்கேனரை மாட்டி, ‘ஏபிஎஸ் ப்ளீடிங்’ ஆப்ஷனைத் தேர்வு செய்வாங்க. ஸ்கேனர் கட்டளை கொடுத்ததும், வண்டி நிற்கும்போதே வால்வுகள் திறந்து மூடும். பம்ப் ‘கிர்ர்’னு ஓடும். மாட்டியிருந்த காற்று நகர்ந்து பைப்புக்கு வரும். திரையில வரும் வரிசைப்படி நிப்பிளைத் திறந்து அதை வெளியேத்துவாங்க. கடைசியா வழக்கமான முறையில இன்னொரு தடவை ஏர் எடுப்பாங்க.

இதுல மூணு விஷயம் முக்கியம். பேட்டரியில முழு சார்ஜ் இருக்கணும். ஆயில் டேங்க் நடுவுல காலியாகவே கூடாது. வெளியே வந்த பழைய ஆயிலைத் திரும்ப ஊத்தக் கூடாது.

எல்லாருக்கும் தேவையா?

தேவையில்லை. வழக்கமா பிரேக் ஆயில் மாத்தும்போது டேங்க் காலியாகாம பார்த்துக்கிட்டா, பல கார்களுக்கு சாதாரண முறையே போதும். ஏபிஎஸ் யூனிட்டைக் கழற்றினாலோ மாத்தினாலோ, ஆயில் முழுசா வடிஞ்சு காற்று உள்ளே போனாலோதான் பெரும்பாலும் ஸ்கேனர் வேலை வரும். மாடலுக்கு மாடல் இது மாறும் என்பதால், சர்வீஸ் மேனுவல் சொல்றதுதான் ஃபைனல்.

அதுக்காக, ஆயில் மாத்துறதைத் தள்ளிப்போடாதீங்க. பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்கணும். ஈரம் ஏறினா அது 155 டிகிரி வரை இறங்கலாம். 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கும் கொல்லிமலையில பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினா, சூட்டுல ஆயில் கொதிச்சு ஆவிக்குமிழி உருவாகும். அதுவும் காற்று மாதிரியேதான் பெடலைக் கவிழ்க்கும். பல நிறுவனங்கள் 2 வருஷத்துக்கு ஒருமுறை மாத்தச் சொல்றது இதனாலதான்.

வண்டியை எடுக்கும் முன்...

பெடலை மிதிச்சுக்கிட்டே இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் லேசா இறங்கி நின்னா அது இயல்பு. தொடர்ந்து இறங்கிக்கிட்டே போனாலோ, பஞ்சு மாதிரி இருந்தாலோ வண்டியை எடுக்காதீங்க. ‘ஸ்கேனர் போட்டு ஏபிஎஸ் ஏர் எடுத்தீங்களாண்ணே?’னு ஒரு கேள்வி கேளுங்க. கேட்க கூச்சமே வேண்டாம், பாஸ். மிதிக்கப்போறது உங்க கால்தானே!