மரவள்ளிக்குள் ஒளிந்திருக்கும் சீனி

கற்பிட்டியிலிருந்து புத்தளம் வரை மரவள்ளி அவிக்காத அடுப்பு அரிது. அவித்த கிழங்கு, தேங்காய்ப்பூ, கொச்சிக்காய்ச் சம்பல், பக்கத்தில் ஒரு பிளேன்டீ. வேறென்ன வேண்டும்? சகோதரிகளே, கிழங்கு அவியும்போது சட்டியை மூடாதே என்று உங்கள் உம்மும்மா கண்டித்தது நினைவிருக்கிறதா? இஞ்சியோடு சேர்க்காதே என்றும் சொல்லியிருப்பார். முதல் பேச்சில் நல்ல விஞ்ஞானம் இருக்கிறது. இரண்டாவதைப் பிறகு பார்ப்போம்.

மரவள்ளியில் லினமரின் என்றொரு சிறு மூலக்கூறு உண்டு. அதன் ஒரு துண்டு குளுக்கோசு என்ற சீனி. மறு துண்டில் சயனைட்டு அடங்கிக் கிடக்கிறது. கிழங்கை வெட்டினால், துருவினால் கலங்கள் உடைகின்றன. அப்போது கிழங்கிலேயே உள்ள ஒரு நொதியம் சீனியைக் கழற்றிவிடுகிறது. தனித்துப்போன மறு துண்டு சிதைந்து ஐதரசன் சயனைட்டு என்ற நஞ்சு பிறக்கிறது.

தாவரங்களில் இப்படிச் சீனி ஒட்டிய மூலக்கூறுகள் ஏராளம். கசப்பு வாதுமையின் நஞ்சும் இந்த இனம்தான். சீனித் துண்டுகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். குணத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மறு துண்டு. ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளில் சீனியைக் கண்ணால் தேட முடியுமா? அதனால் ஜெர்மனியின் ஜேனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் ஒரு கணினி நிரலை வெளியிட்டார்கள். அது தேடுவது ஒரு வளையத்தை: ஒரு ஒட்சிசன், மற்றதெல்லாம் காபன். வெளியே ஒட்டி நிற்கும் ஒட்சிசன்கள் வளைய அணுக்களில் பாதிக்குக் குறையக் கூடாது. லினமரினில் எண்ணிப் பாருங்கள்: வளையத்தில் ஆறு அணு, ஒட்டியிருக்கும் ஒட்சிசன் நான்கு. சீனிதான்! அதைக் கத்தரித்தால் திரையில் எஞ்சுவது சயனைட்டுத் துண்டு. கிழங்குக்குள் நொதியம் செய்யும் அதே வேலை.

இனி அடுப்படிக்கு வருவோம். ஐதரசன் சயனைட்டு 26 பாகை செல்சியசிலேயே கொதிக்கும். புத்தளத்து வெயிலே அதற்குப் போதும். மூடி திறந்திருந்தால் ஆவியோடு போய்விடும். தோலைத் தடிப்பாகச் சீவுங்கள், நஞ்சு அங்கேதான் அதிகம். சிறு துண்டுகளாக்கி, நிறையப் பச்சைத் தண்ணீரில் போட்டே அடுப்பேற்றுங்கள். கொதிநீரில் போட்டால் நொதியம் உடனே செத்துவிடும், லினமரின் உடையாமல் தங்கும். அவித்த நீரை ஊற்றிவிடுங்கள். கசக்கும் கிழங்கு வேண்டவே வேண்டாம்.

இது வீண் பயமுறுத்தல் அல்ல. 1981இல் மோசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில் வறட்சி. பசி பொறுக்காமல் கசப்பு மரவள்ளியைச் சரியாகப் பதப்படுத்தாமல் உண்டவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கால்கள் முடங்கின. அதிகம் பாதிக்கப்பட்டோர் பெண்களும் பிள்ளைகளும். புரதம் குறைந்த உணவும் ஒரு காரணம். நஞ்சை முறிக்க உடலுக்குப் புரதத்திலுள்ள கந்தகம் தேவை. நம் கரையில் மீனுக்குப் பஞ்சமில்லை, கிழங்கோடு ஒரு துண்டு வையுங்கள்.

இஞ்சிக்கு வருவோம். நஞ்சு கிழங்கிலேயே இருக்கிறது, இஞ்சி கொண்டுவருவதல்ல. இஞ்சியைத் தவிர்த்துவிட்டோம் என்று அரைவேக்காட்டுக் கிழங்கைப் பிள்ளைக்குக் கொடுப்பதுதான் ஆபத்து. இலைச் சுண்டலுக்கும் இதே கவனம் வேண்டும்: இடித்து, நன்றாக அவித்து, நீரை வடித்த பிறகே தாளியுங்கள். சீவிய தோலைப் பச்சையாக ஆட்டுக்குப் போடாதீர்கள்.