சுருங்கிய நுரையீரல் விரிவது எப்படி?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் திரளாக உழைக்கும் இளைஞர்களின் வயதிலேதான், அதிலும் உயர்ந்து மெலிந்த தேகமுடையோரையும் புகைபிடிப்போரையும் விசேஷமாக நாடி, திடீர் நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலுமாய் ஒரு வியாதி வருகிறது.

நுரையீரலுக்கும் மார்புச்சுவருக்கும் இடைப்பட்ட மெல்லிய வெளியில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்திருப்பதனாலேயே, சுபாவமாகச் சுருங்க முயலும் நுரையீரல் விரிந்து நிற்கிறது. அதன் உச்சியில் சிலருக்கு உண்டாகும் காற்றுக்கொப்புளம் வெடித்து அவ்வெளியிற் காற்றுப் புகுந்தாலோ, நுரையீரல் சுருங்கிவிடுகிறது; இதுவே அவ்வியாதி.

பெரும்பாலும் விலாவிடையே குழாயிட்டுக் காற்றை வெளியேற்றினாற் போதும். மீண்டும் மீண்டும் வருமாயின் சஸ்திர சிகிச்சை வேண்டும்: முன்பு மார்பை அகலத் திறந்த வைத்தியர், இன்று இரண்டு மூன்று சிறு துவாரங்களிட்டு, அப்பக்கத்து நுரையீரலுக்கு மட்டும் சுவாசத்தை நிறுத்தி, காமிராவின் துணையால் கொப்புளத்தை ஸ்டேப்ளர் கொண்டு அறுத்துத் தைத்து, மார்புச்சுவரின் உட்சவ்வை உராய்ந்து, ஆறும்போது நுரையீரல் அதனோடு ஒட்டிக்கொள்ளச் செய்கின்றனர். விலாக்களை விரிக்காமையால் வேதனை குறைவு.

இம்முறையின் சரித்திரம் வியப்புக்குரியது. 1910-இல் மார்புக்குள் நோக்குக்குழாய் செலுத்தியதை வெளியிட்ட ஸ்வீடன் வைத்தியர் யாக்கோபேயஸ், பின்னர் அதைக் கையாண்டது, க்ஷயரோகத்துக்கு மருந்தில்லா அந்நாளில், நுரையீரலை வேண்டுமென்றே சுருக்கும் சிகிச்சைக்குத் தடையாக மார்புச்சுவரோடு இருந்த ஒட்டுக்களை அறுக்கவே! அந்நாளில், 1928-இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் நிறுவிய க்ஷயரோக சானடோரியம், இன்று அரசு நெஞ்சக மருத்துவமனையாய் நிற்கிறது.

ஆகவே, திடீரென ஒருபக்க நெஞ்சுவலி கண்ட தொழிலாளி, ஷிப்டு முடியட்டுமென்று காத்திராமல் உடனே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தல் அவசியம்.