தூக்கச் சொல்ல ஒருவர், நிறுத்தச் சொல்ல எல்லாரும்

காரின் டயர் பஞ்சரானால் ஜாக்கி வைத்துத் தூக்குகிறோம். ஒரு சக்கரம் மேலே வந்தால் போதும். மற்ற மூன்றும் தரையில் இருக்கும். சக்கரங்களை உள்ளே மடக்கிக்கொள்ளும் சிறு விமானத்துக்கு அது போதாது. சக்கரங்கள் சரியாக மடங்கி விரிகின்றனவா என்று சோதிக்க, மூன்று சக்கரங்களும் ஒரே நேரத்தில் தரையைவிட்டு எழ வேண்டும்.

நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு பொறியியல் படிக்கிறேன். விடுமுறையில் சிலேத்தார் பகுதியில் உள்ள ஒரு விமானப் பராமரிப்புப் பட்டறையில் வேலைப் பயிற்சி பெற்றேன். அங்கு நாங்கள் தூக்கியது ‘பைப்பர் ஆரோ’ என்ற நான்கு இருக்கை விமானம். எரிபொருள் இல்லாமலேயே அதன் எடை ஏறத்தாழ முக்கால் டன்.

இந்தச் சோதனை ஏன் அவசியம்? தரையிறங்கும் முன் மூன்று பச்சை விளக்குகள் எரிந்தால்தான், சக்கரங்கள் விரிந்து பூட்டிக்கொண்டன என்று விமானி நம்பலாம். விரியாவிட்டால் விமானத்தின் வயிறு ஓடுபாதையில் உரசும். அந்தக் குறையை வானத்தில் அல்ல, பட்டறையில் கண்டுபிடிக்க வேண்டும்.

தூக்குவதற்குச் சில நிமிடங்களே ஆயின. தயாராவதற்குத்தான் நேரம் பிடித்தது. முதலில் இடம். தரை சமமான கான்கிரீட்டாக இருக்க வேண்டும். பட்டறைக் கதவுகளை மூடிவிட வேண்டும். இறக்கை காற்றில் எழும்புவதற்காகவே செய்யப்பட்டது. ஜாக்கிமேல் நிற்கும்போது பலமான காற்று அடித்தால் அது விமானத்தை அசைத்துவிடும்.

அடுத்து, ஜாக்கி வைக்கும் புள்ளி. இறக்கைக்குள் முதுகெலும்பு போல ஒரு விட்டம் ஓடுகிறது. அதன் அடியில், தயாரிப்பாளரின் கையேடு காட்டும் இடத்தில்தான் ஜாக்கியின் தலை பொருந்த வேண்டும். வேறு இடத்தில் வைத்தால் மெல்லிய அலுமினியத் தகடு நசுங்கும் அல்லது கிழியும்.

மூன்றாவது, வால். இயந்திரம் முன்னால் இருப்பதால் இந்த விமானத்துக்கு மூக்குப் பக்கம் கனம் அதிகம். இறக்கைகளில் மட்டும் தாங்கித் தூக்கினால் மூக்கு குத்திக் கீழே சாயக்கூடும். அதனால் வாலின் அடியில் ஒரு தாங்கியை மாட்டி, அதன்மேல் பாரம் ஏற்றுகிறார்கள். கையேடு சொல்லும் பாரம் ஏறத்தாழ 250 பவுண்டு, அதாவது 113 கிலோ. பாரம் வைத்தாயிற்று என்று சொன்னதை எங்கள் பொறியாளர் அப்படியே ஏற்கவில்லை. அவரே குனிந்து எண்ணிப் பார்த்தார்.

பிறகுதான் தூக்கினோம். ஜாக்கிக்கு ஒருவர், வாலைக் கவனிக்க நான், எல்லாரையும் பார்க்கும் இடத்தில் பொறியாளர். அவர் குரலுக்கு மட்டுமே கை அசையும். இருபுறமும் சமமாகச் சில அழுத்தங்கள், பிறகு நிறுத்தம். ஒவ்வொரு முறையும் ஜாக்கித் தண்டிலுள்ள பூட்டு வளையத்தைக் கீழே திருகி இறக்கினார்கள். ஜாக்கியில் எண்ணெய் கசிந்தாலும் அந்த வளையம் விமானத்தைத் தாங்கிக்கொள்ளும்.

இறக்கை உயர்ந்தும் சக்கரம் உடனே தரையைவிட்டு எழவில்லை. காலுக்குள் இருக்கும் அதிர்வுதாங்கி முதலில் முழுதாக நீள வேண்டும். அங்கேதான் இன்னோர் ஆபத்து இருக்கிறது. தரையில் நிற்கும்போது யாரும் தவறுதலாகச் சக்கரத்தை மடக்கிவிடாமல் தடுக்க, இடப்பக்கக் காலில் ஒரு சுவிட்ச் உண்டு. கால் நீண்டுவிட்டால், விமானம் பறக்கிறது என்று அந்தச் சுவிட்ச் எடுத்துக்கொள்ளும்; தடை நீங்கிவிடும். அப்போது மின்சாரம் இருந்து, யாராவது நெம்புகோலைத் தொட்டால் கால்கள் மடங்கும். அருகில் கை இருந்தால் கதி என்ன? அதனால்தான் சோதனை நேரம் தவிர மின்சாரத்தைத் துண்டித்து, நெம்புகோலில் எச்சரிக்கை அட்டையைத் தொங்கவிடுகிறார்கள்.

இரண்டு சோதனைகளுக்கு இடையில் ஒன்று நடந்தது. வேறு குழுவைச் சேர்ந்த மூத்த தொழில்நுட்பர் ஒருவர், உள்ளே விட்டுவந்த டார்ச் விளக்கை எடுக்க இறக்கைமீது கால் வைக்கப் போனார். அவர் என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் ஓர் ஆளின் எடை ஒரு பக்கத்தில் விழுந்தால், ஜாக்கியின் தலை நழுவ இடமுண்டு. “அண்ணே, ஏறாதீங்க!” என்று கத்திவிட்டேன். பட்டறையே அமைதியானது.

அவர் காலை இறக்கினார். முகம் சுளிக்கவில்லை, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பொறியாளர் ஜாக்கிகளை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு எங்களிடம் சொன்னார்: “தூக்கு என்று நான் மட்டும்தான் சொல்லலாம். நிறுத்து என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.”

இறக்கும்போதும் அதே ஒழுங்குதான். கீழே கிடந்த பெட்டி, ஏணி எல்லாவற்றையும் அகற்றிய பிறகே ஜாக்கிகளைத் தளர்த்தினார்கள். நீண்டு நிற்கும் அதிர்வுதாங்கி சிக்கிக்கொண்டு, பிறகு சட்டென்று அமிழலாம் என்பதால் யாரும் இறக்கைக்கு அடியில் நிற்கவில்லை.

இத்துறையில் நுழையத் தொழில்நுட்பக் கல்விக் கழகம், பலதுறைத் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழகம் எனப் பல வழிகள் உள்ளன. பராமரிப்புப் பொறியாளர் உரிமத்தைச் சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் வழங்குகிறது. கணிதமும் இயற்பியலும் கைகொடுக்கும். அவற்றோடு, வேலையைப் பாதியில் நிறுத்தச் சொல்லும் துணிவையும், இளையவர் அப்படிச் சொன்னால் கோபப்படாத குணத்தையும் இப்போதே பழகிக்கொள்ளலாம். அடுத்த முறை உங்கள் ஆய்வுக்கூடத்தில் யாராவது “நிறுத்துங்க” என்றால், முதலில் கையை எடுங்கள். காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.