இரத்தத்தில் நிறைவு, செல்லில் பசி

விடியற்காலையில் இரண்டு இட்லியை அவசரமாய் உண்டு மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுகிறீர்கள். அந்த இட்லி உங்கள் கால்களுக்கு எப்படிப் பெலனாக மாறுகிறது என்று சிந்தித்ததுண்டா?

இட்லியிலுள்ள மாவுச்சத்து குடலில் செரித்து, குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. செல் அதை முதலில் இரண்டாக உடைக்கிறது. அத்துண்டுகள் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணிய அறைகளுக்குள் சென்று, நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனின் துணையோடு கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் மாறுகின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு செல் ஏ.டி.பி. என்னும் மூலக்கூறை உண்டாக்குகிறது. 1929-இல் கண்டறியப்பட்ட இதுவே செல்லின் கைச்செலவுப் பணம். தசை சுருங்கவும் நரம்பு செய்தி கடத்தவும் இதுவே செலவாகிறது. இதை அதிகமாய்ச் சேர்த்து வைக்க இயலாது. செலவானது உடனுக்குடன் புதுப்பிக்கப்பட வேண்டும். ஒரு நாளில் இவ்வாறு புதுப்பிக்கப்படும் அளவு ஏறக்குறைய நம் சரீர எடைக்கு ஒப்பானது!

ஆனால் தசைச் செல்களுக்குள் சர்க்கரை போதிய அளவு நுழைய இன்சுலின் என்னும் திறவுகோல் வேண்டும். நீரிழிவு நோயில் அத்திறவுகோல் குறைந்துபோகிறது, அல்லது சரியாய் வேலை செய்வதில்லை. இரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும் செல் பசியோடிருக்கிறது. சோர்வும் மெலிவும் இதனாலேயே வருகின்றன. 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில், சாகும் நிலையிலிருந்த லியனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் ஊசி போடப்பட்டது. அவன் மேலும் 13 ஆண்டுகள் உயிரோடிருந்தான்.

உபவாசம் இருக்கும் நீரிழிவு நோயாளிகள் இதைக் கவனிக்க வேண்டும். ஆகாரம் இல்லாதபோது கல்லீரல் தன் இருப்பிலிருந்து சர்க்கரையை விடுவிக்கிறது. பின்பு கொழுப்பு எரிகிறது. ஆனால் இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு உண்ணாதிருந்தால், சர்க்கரை அபாயமாய்க் குறையலாம். சரீர எடையில் 2 சதவீதமேயான மூளை, ஓய்வு நிலையில் 20 சதவீத ஆற்றலைச் செலவிடுகிறது; அதுவே முதலில் தடுமாறும். நடுக்கம், வியர்வை, மனக்குழப்பம் கண்டால் உடனே சர்க்கரை கரைத்த தண்ணீர் அருந்துங்கள். நினைவிழந்தவருக்கு வாயில் எதுவும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

மருந்தை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். உபவாசத்திற்கு முன் மருத்துவரிடம் ஆலோசனை கேட்பது அவிசுவாசமல்ல. உங்கள் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் இதை இன்றே வாசித்துக் காட்டுங்கள்.