எந்தப் பெயரில் நிற்பது? தென்காசி தனித்தொகுதியும் மீனாட்சிபுரமும்

'பிரதிநிதித்துவம்' என்ற சொல்லுக்குள் இரண்டு காரியங்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, ஒருவர் சார்பில் இன்னொருவர் பேசுவது. மற்றது, ஒருவரை 'இன்னார்' என்று சித்திரிப்பது. மார்க்ஸிடமிருந்து இந்த வேறுபாட்டை எடுத்துக்கொண்ட காயத்ரி ஸ்பிவாக், இரண்டையும் குழப்பிக்கொள்வதன் ஆபத்தை 1988இல் வெளியான கட்டுரையில் விவாதித்தார். இதை விளங்கிக்கொள்ள ரொம்பத் தூரம் போக வேண்டாம். சீசனுக்குக் குற்றாலம் போகிறவர்கள் கடந்துபோகிற தென்காசியே போதும்.

தென்காசி நாடாளுமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. நிற்பவர் பட்டியல் சாதி. ஓட்டுப் போடுவது எல்லாச் சாதியும். 1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு தலித்துகளுக்குத் தனி வாக்காளர் தொகுதி தந்தது. செப்டம்பர் 24இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தம் அதைப் பிடுங்கிக்கொண்டு, மாகாண சபைகளில் 148 இடங்களையும், தலித் வாக்காளர்களே முதலில் நான்கு பேரைப் பொறுக்கியெடுக்கும் முதல் சுற்றையும் கொடுத்தது. அரசியல் சட்டம் வந்தபோது ஒதுக்கீடு மிஞ்சியது, முதல் சுற்று போய்விட்டது. 'உங்காள் இவர்தான்' என்று முடிவு செய்வது மற்றவர்கள் கையில் போய்ச் சேர்ந்தது. தலித் ஓட்டை மட்டும் நம்பி இங்கே யாரும் ஜெயிக்க முடியாது.

இது சார்பில் பேசுவதன் சிக்கல். சித்திரிப்பின் சிக்கலுக்கு மீனாட்சிபுரத்தைப் பார்க்க வேண்டும். தென்காசிக்குப் பக்கத்திலுள்ள இவ்வூரில் 1981 பிப்ரவரியில் நூற்றுக்கணக்கான தலித்துகள் இஸ்லாத்தைத் தழுவினார்கள். வாஜ்பாய் உட்படத் தலைவர்கள் வந்து பார்த்தார்கள். 'வளைகுடாப் பணம்' என்றார்கள் சிலர். சாதி இழிவிலிருந்து வெளியேறத்தான் போனோம் என்று போனவர்கள் சொன்னது அந்தக் கூச்சலில் அமுங்கிப்போனது.

அதிகம் பேசப்படாத விஷயம் வேறு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்களுக்கே பட்டியல் சாதித் தகுதி. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். முஸ்லிம்களும் கிறித்தவர்களும் வெளியேதான். ஆக, மதம் மாறியவருக்குத் தென்காசியில் ஓட்டு உண்டு, வேட்பாளராக நிற்கும் உரிமை கிடையாது. தன் பெயரைத் தானே தேர்ந்துகொண்ட குற்றத்துக்கு இதுதான் அபராதம்!

இன்னொரு வெளியேற்றமும் இங்கே பேசப்படுகிறது. 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு சாதிப் பெயர்களைத் 'தேவேந்திரகுல வேளாளர்' என்று ஒன்றாக்கியது. ஆனால் பட்டியலுக்குள்ளேயே வைத்தது. பட்டியலிலிருந்தே வெளியேற வேண்டும் என்கிறார் புதிய தமிழகம் கிருஷ்ணசாமி. 1998 முதல் 2024 வரை பலமுறை தென்காசியில் நின்று தோற்றவர் அவர். கோரிக்கை நிறைவேறினால் அவரும் இங்கே நிற்க முடியாது. மீனாட்சிபுரம் மதத்தின் வழியாகத் தேடிய மரியாதையை இவர்கள் பெயரின் வழியாகத் தேடுகிறார்கள். இரண்டுக்கும் அரசு வைத்திருக்கும் நிபந்தனை ஒன்றே: இழிவுப் பட்டியலில் இருந்தால்தான் பேசலாம்.

'இஸ்லாத்தில் சாதி இல்லையே, பிறகெதற்குச் சலுகை?' என்று கேட்கிறார்கள். கலிமா சொன்னவர் பார்வை மாறலாம். எதிர்த்தெருக்காரன் பார்வை மாறிவிட்டதா? 'பங்கு குறையுமே' என்ற தலித்துகளின் அச்சம் நியாயமானது. ஆனால் பங்கைப் பிரிக்க வழி இருக்கிறது. வேலையிலும் கல்வியிலும் அருந்ததியருக்கு 2009இல் வந்த 3 சதவீத உள்ஒதுக்கீடு 2024இல் உச்ச நீதிமன்றத்திலும் நிலைத்தது.

மதம் மாறிய தலித்துகள் பற்றி ஆராய 2022இல் மத்திய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்தது. ஆணையம் ஒருபக்கம் இருக்கட்டும். 1950ஆம் ஆண்டு ஆணையின் மத நிபந்தனையை நீக்கு என்பதையும், பூனாவில் பெற்ற முதல் சுற்றைத் திருப்பிக் கொடு என்பதையும் ஒரே கோரிக்கையாக வைக்க நமது இயக்கங்கள் தயாரா? இதை விவாதிக்க வேண்டும் என்கிறேன்.