குட்டீஸுக்கு ஒரு கொழகொழ பண்ணை!

வீட்டுல தம்பி, தங்கச்சி இருக்காங்களா? அப்போ இந்த டயலாக் உங்களுக்குப் பழக்கமானதுதான். ‘‘ஏதோ கேம் வேணும்னு உயிரை எடுக்கறான். நல்லதா, கெட்டதான்னு நீயே பார்த்துச் சொல்லு!’’

காலேஜ் போற நீங்கதான் அம்மா, அப்பா கண்ணுக்கு கம்ப்யூட்டர் எக்ஸ்பர்ட். ‘நல்ல கேம்தான்மா’ன்னு ஒரே வரியில தப்பிச்சுடாதீங்க. நீங்க தலையாட்டினா, அது நீங்க கொடுக்கிற கியாரண்டி! குட்டீஸ் ஆசையா கேட்கிற ‘ஸ்லைம் ரேன்ச்சர்’ கேமுக்கு அந்த கியாரண்டி கொடுக்கலாமா? பார்த்துடலாம்.

கதை என்ன?

அமெரிக்காவின் ‘மோனோமி பார்க்’ நிறுவனம் 2017-ல் வெளியிட்ட கேம் இது. பியாட்ரிக்ஸ் என்ற இளம்பெண், பூமியிலிருந்து ஆயிரம் ஒளியாண்டுகள் தள்ளி இருக்கும் ஒரு கிரகத்துக்குப் பண்ணை நடத்தப் போகிறாள். அங்கே ஆடு, மாடு கிடையாது. வளர்ப்பது ஸ்லைம்களை! ஜெல்லி மாதிரி கொழகொழ உடம்பு, எப்போதும் சிரித்த முகம், குதித்துக் குதித்து ஓட்டம்... பார்த்ததும் பிடித்துப்போகும்.

பியாட்ரிக்ஸ் கையில் துப்பாக்கி மாதிரி ஒன்று இருக்கும். பதறாதீங்க, அது சுடாது. ‘வேக்பேக்’ என்ற அந்தக் கருவி, வாக்குவம் கிளீனர் மாதிரி ஸ்லைம், காய், பழம், கோழி என்று எல்லாவற்றையும் உறிஞ்சும். வேண்டிய இடத்தில் திரும்பத் துப்பும். அவ்வளவுதான்.

பண்ணைக் கணக்கு

ஸ்லைமுக்கு இரை போட்டால் ‘ப்ளார்ட்’ என்ற மணியைப் போடும். அதை விற்றால் காசு. அந்தக் காசில் வேலியை உயர்த்தலாம், தோட்டம் போடலாம். கேட்க ஈஸிதான். ஆனா, ஒவ்வொன்றும் ஒரு ரகம்! பிங்க் ஸ்லைம் எதைப் போட்டாலும் தின்னும். பாறை ஸ்லைமுக்குக் காய்கறிதான் இறங்கும். பூனைக் காது வைத்த டாபிக்குக் கோழி வேண்டும். இருட்டில் மின்னும் பாஸ்பர், வெயில் பட்டால் மறைந்தே போகும். ரொம்பப் பிடித்த தீனி கிடைத்தால் டபுள் ப்ளார்ட். பட்டினி போட்டால் எரிச்சலாகி வேலி தாண்டும்.

சந்தையிலும் ஒரு சூட்சுமம் இருக்கு. ஒரே ரக ப்ளார்ட்டைக் கொண்டுபோய்க் கொட்டினால் விலை சரியும். லாரி லாரியாகத் தக்காளி வந்து இறங்கினால் மார்க்கெட்டில் என்ன ஆகும்? அதே கதைதான். பி.காம். மாணவர்கள் புத்தகத்தில் படிக்கிற டிமாண்ட் - சப்ளையை, பொடிசுகள் விளையாட்டிலேயே புரிஞ்சுக்கும்.

பேராசைக்கு ஒரு குட்டு!

ஒரு ஸ்லைம் வேறு ரகத்தின் ப்ளார்ட்டைத் தின்றால் பெருத்து, ரெண்டு குணமும் கலந்த ‘லார்கோ’ ஆகிவிடும். ஒரே தீனிக்கு ரெண்டு ப்ளார்ட் என்பதால் லாபம்தான். ஆசை விடுமா? அதே லார்கோ, மூன்றாவது ரக ப்ளார்ட்டையும் தின்றுவிட்டால் போச்சு! கறுப்பாக, வானவில் பளபளப்போடு ‘டார்’ என்ற பூதமாக மாறும். மற்ற ஸ்லைம்களைப் பிடித்துத் தின்று, தன் கூட்டத்தைப் பெருக்கும். பல நாள் உழைப்பு சில நிமிடங்களில் காலி. அதை விரட்டக் கைகொடுக்கும் ஆயுதம்... தண்ணீர்!

இந்த கேமில் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். யாரும் உட்கார்ந்து அட்வைஸ் பண்ணுவதில்லை. கூண்டை நெருக்கமாக வைத்து, ரகங்களைக் கலந்து, கவனிக்காமல் விட்டால் பண்ணையே பதில் சொல்லிவிடும்.

அம்மா கேட்கப்போற கேள்விகள்

பயமா இருக்குமா? டார் வரும்போது சின்னப் பிள்ளைகள் மிரளலாம். ஆட்டம் தொடங்கும்போதே ‘கேஷுவல்’ முறையைத் தேர்ந்தெடுத்தால் டார் வராது.

ரத்தம்? ஒரு சொட்டுகூடக் கிடையாது. அடிபட்டால் பியாட்ரிக்ஸ் மயங்கி, பண்ணை வீட்டில் கண் விழிப்பாள். சேர்த்த பொருள் போயிருக்கும். ஆனா, சில ஸ்லைம்கள் கோழியை உயிரோடு விழுங்கும். அதைப் பார்த்துக் குழந்தை கலங்குமா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

எத்தனை வயசு? அமெரிக்கத் தர அமைப்பான இ.எஸ்.ஆர்.பி., 10 வயதும் அதற்கு மேலும் என்கிறது. அதற்குக் கீழே என்றால் பக்கத்தில் பெரியவங்க இருக்கட்டும்.

முன்பின் தெரியாதவங்க பேசுவாங்களா? இல்லை. ஒருவரே ஆடும் கேம், சாட்டிங் கிடையாது.

பணம் கரையுமா? கேமை விலை கொடுத்துத்தான் வாங்கணும். ஆனா, பண்ணையில் புழங்கும் காசை ஆடித்தான் சம்பாதிக்க முடியும். அப்பாவின் கார்டைத் தேய்த்து வாங்க முடியாது.

கண்ணுக்கு? பியாட்ரிக்ஸின் கண் வழியாகவே காட்சி ஓடுவதால் சிலருக்குத் தலை சுற்றலாம். அப்படின்னா உடனே நிறுத்துங்க.

எப்போ நிறுத்துறது?

நிஜமான சிக்கல் இதுதான். டாரை விட, ‘இன்னும் அஞ்சே நிமிஷம்க்கா!’தான் டேஞ்சர். பண்ணை வேலைக்கு முடிவே கிடையாது. ஆனா, ஒரு வழி இருக்கு. கேமுக்குள் ஒரு பகலும் இரவும் சேர்ந்து சுமார் 24 நிமிடம். ‘அரை மணி நேரம்’ என்று சொல்வதற்குப் பதிலாக, ‘ஒரு நாள் ஆடிட்டு, பியாட்ரிக்ஸைத் தூங்க வெச்சுட்டு வா’ன்னு சொல்லிப் பாருங்க. சேவ் பண்ணிட்டு வெளியே வரலாம் என்பதால் சண்டை குறையும்.

இன்னொரு வேலையும் உங்களுக்கு இருக்கு. பூமியில் விட்டு வந்த கேஸியிடமிருந்து பியாட்ரிக்ஸுக்கு ஆங்கிலத்தில் கடிதங்கள் வரும். பொடிசுகள் அதைப் படிக்காமல் தாண்டிப் போகும். நீங்க பக்கத்துல உட்கார்ந்து படிச்சுக் காட்டுங்க. வீட்டை விட்டு ஹாஸ்டல்ல இருக்கிறவங்களுக்கு லேசா தொண்டை அடைக்கும், ஜாக்கிரதை!

தீர்ப்பு? தாராளமா தலையாட்டலாம். முதல் நாள் மட்டும் கூடவே உட்காருங்க. ரெண்டாவது நாள், ‘எனக்கு ஒரு சான்ஸ் குடுடா’ன்னு தம்பிகிட்ட நீங்க கெஞ்சலைன்னா பாருங்க!